இடுக்கில் நுழையும் உட்கரு

காலில் முள் தைத்த சில மணி நேரத்தில் அந்த இடம் சிவந்து வீங்குகிறது. ரத்தக்குழாய்ச் சுவரின் இடுக்குகள் வழியே நியூட்ரோஃபில் எனும் வெள்ளணுக்கள் அங்கே வந்து குவிந்துவிட்டன.

செல்லின் மற்ற பாகங்கள் கூழ் மாதிரி எப்படியும் வளையும். மாட்டிக்கொள்வது பருத்து விறைத்த உட்கருதான், வீடு மாற்றும்போது மாடிப்படித் திருப்பத்தில் சிக்கும் பீரோ போல. நியூட்ரோஃபில் இதற்குத் தயாராகவே வருகிறது. அதன் உட்கரு ஒரே உருண்டை அல்ல. மெல்லிய இழையில் கோத்த மூன்று நான்கு மணிகள். உட்கருவுக்கு விறைப்பு தரும் லேமின்-ஏ புரதமும் அதில் மிகக் குறைவு. மணி மணியாக நழுவி அப்பால் போய்விடும். பார்க்க அவ்வளவு அழகு!

இன்னொரு சாமர்த்தியம் 2019இல் ‘நேச்சர்’ இதழில் வெளியானது. வழி பிரியும் இடத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் எல்லாத் துளைகளிலும் கைநீட்டிப் பார்க்கின்றன. உட்கருவை முன்னால் வைத்து அளந்து, அகலமானதில் நுழைகின்றன. வழி தேடும் அளவுகோலும் அந்தப் பீரோவேதான்.

எல்லாப் பயணமும் சேதமின்றி முடிவதில்லை. மிகக் குறுகிய வழியில் உட்கருவின் உறை கிழிகிறது, டிஎன்ஏவும் அடிபடுகிறது. ‘எஸ்கார்ட்-3’ என்ற புரதக் கூட்டம் விரைந்து வந்து கிழிசலை ஒட்டுகிறது. 2016இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பில் ஒரு சங்கடமும் உண்டு: உடலுக்குள் பரவும் புற்றுநோய்ச் செல்லுக்கும் அதே ஒட்டுவேலை நடக்கிறது.