கடிகாரமும் வளைவும்: வார இறுதிச் சவாரி குறித்து ஒரு வாசிப்பு

1

தென் கலிஃபோர்னியாவில் சனிக்கிழமை விடிவதற்கு முன்பே மோட்டார் சைக்கிள்கள் கிளம்பிவிடுகின்றன. லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தின் வடக்கு விளிம்பில், லா கன்யாடாவில் தொடங்குகிறது ஏஞ்சலஸ் கிரெஸ்ட் சாலை. சான் கேப்ரியல் மலைமீது சுமார் 66 மைல் வளைந்து வளைந்து போய், டாசன் சேடில் என்ற இடத்தில் 7,901 அடி உயரத்தைத் தொட்டு, ரைட்வுட் ஊரைத் தாண்டி மொஹாவி பாலைவனத்தின் ஓரத்தில் இறக்கிவிடுகிறது. பனியும் மண்சரிவும் காட்டுத்தீயும் வழியை அடைக்காத நாட்களில், காலையில் பைன் மரங்களுக்கிடையே விரல் விறைத்துப் போனவர் மதியம் பாலைவன வெயிலில் தண்ணீர் தேடிக்கொண்டிருப்பார். ஞாயிறு ராத்திரி வீடு. திங்கள் காலை வேலை.

இந்தச் சவாரி பற்றிய படங்கள், நூல்கள், விளம்பரங்கள், ஓட்டுகிறவர்களின் பயணக் குறிப்புகள் எல்லாவற்றிலும் ஒரே சொல்தான் திரும்பத் திரும்ப வருகிறது: சுதந்திரம். இந்தச் சொல்லை எப்படி வாசிப்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. நான் எழுதுவது அந்தச் சாலைகளில் ஓட்டியவனின் அனுபவக் குறிப்பு அன்று. அச்சாலைகளைச் சுற்றி உருவான பிரதிகளின் வாசிப்பு.

நம் விமர்சனச் சூழலில் இதற்குத் தயார்நிலையில் இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, அடோர்னோ வழிப்பட்டது. ஓய்வு நேரம் என்பது வேலை நேரத்தின் நிழல். தொழிலாளியைத் திங்கட்கிழமைக்கு மறுபடி தயார் செய்து அனுப்பும் ஏற்பாடு. ஆகவே அங்கே கிடைக்கும் ‘சுதந்திரம்’ வெறும் பொய்ப் பிரக்ஞை. 1969-ல் அவர் நிகழ்த்திய ஓய்வு நேரம் பற்றிய உரை ஏறத்தாழ இப்படித்தான் போகிறது. மற்றது, கற்பனாவாதப் பதில். இயந்திரத்தின்மீது ஏறி நகரத்தை விட்டு ஓடுகிறவன் தன் ‘உண்மையான’ சுயத்தைக் கண்டடைகிறான். முதலாவது அறிவாளியின் அலட்சியம். இரண்டாவது விளம்பரக்காரனின் வாசகம். எதிரெதிராகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே இடத்தில்தான் நிற்கின்றன. சவாரி என்றால் அது சுதந்திரம் பற்றியது என்பதை இரண்டுமே கேள்வி கேட்காமல் ஒத்துக்கொள்கின்றன. உண்டா இல்லையா என்பதில்தான் சண்டை. சவாரிக்குள் நடப்பது வேறொன்றாக இருந்தால்?

2

1969-ல் வந்த ‘ஈஸி ரைடர்’ படத்தின் தொடக்கத்தில், நெடும்பயணம் கிளம்பும் முன் பீட்டர் ஃபோண்டா ஏற்ற பாத்திரம் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றித் தரையில் வீசுகிறது. மோட்டார் சைக்கிள் தொன்மத்தின் மையக் குறி இதுதான் எனலாம். காலத்தை வீசியெறிந்தவனுக்கே சாலை. அதற்குப் பிறகு வருவது பெரும்பாலும் நேர்ச்சாலை: அடிவானம் வரை நீளும் கோடு, பின்னால் பாட்டு, திரும்பி வரவே தேவையில்லாத போக்கு.

வார இறுதிச் சவாரிக்காரர் இந்தப் படத்தைப் பார்த்து வளர்ந்தவர்தான். ஆனால் அவரால் கடிகாரத்தைக் கழற்ற முடியாது. எந்த பெட்ரோல் பங்கில் எத்தனை மணிக்கு, மலையில் இருட்டும் முன் எந்த இடத்தில், ஞாயிறு ராத்திரி எத்தனை மணிக்கு வீடு என்று எல்லாமே கணக்கு. அவருடைய பயணத்தின் வடிவம் கோடு அன்று, வட்டம். கிளம்பிய வாசலிலேயே வந்து முடிகிற பயணத்துக்குப் ‘போகிற இடம்’ என்று ஒன்று கிடையாது.

அந்த இரண்டு நாளுக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. ஃபோர்டு தன் தொழிற்சாலைகளில் ஐந்து நாள் வாரத்தைக் கொண்டுவந்தது 1926-ல். 1938-ன் நியாய உழைப்புத் தரச் சட்டத்தின்படி வாரம் 40 மணி நேரம் என்ற வரம்பு 1940-ல் நடைமுறைக்கு வந்தது. வேலைநிறுத்தங்களும் சங்கங்களும் பல பத்தாண்டுகள் போராடிப் பெற்றது சனி–ஞாயிறு. அதை முதலாளி தந்த லஞ்சம் என்று மட்டும் வாசிப்பது, போராடியவர்களை வரலாற்றிலிருந்து நீக்கிவிடுவது ஆகும். அடோர்னோவியப் பதிலோடு என் முதல் முரண்பாடு இங்கே தொடங்குகிறது.

கலகக்காரன் என்ற பிம்பமும்கூட ஒரு விடுமுறை வாரத்தில்தான் பிறந்தது. 1947 ஜூலை 4 விடுமுறையில் கலிஃபோர்னியாவின் ஹோலிஸ்டர் என்னும் சிற்றூரில் ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடினார்கள். குடி, ரகளை, கைதுகள். அதே மாதம் ‘லைஃப்’ பத்திரிகையில் ஒரு புகைப்படம் வந்தது: காலிப் புட்டிகள் சூழ, ஹார்லி வண்டிமேல் சாய்ந்திருக்கும் குடிகாரன். அது அமைத்து எடுக்கப்பட்ட படம் என்ற சர்ச்சை இன்றுவரை ஓயவில்லை. அதிலிருந்து சிறுகதை, சிறுகதையிலிருந்து 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்ட் ஒன்’. பிறகு 1963-ல் ஹோண்டா கம்பெனி தன் வண்டியில் வருகிறவர்கள் மிக நல்லவர்கள் என்று விளம்பரம் செய்து, அந்தப் பிம்பத்தைத் தலைகீழாக்கி விற்றது. கலகக்காரன், நாடோடி, நல்லவன் எல்லாமே குறிகள்தாம். சனிக்கிழமை காலை தோல் ஜாக்கெட் மாட்டுகிறவர் இவற்றில் ஒன்றை இரண்டு நாள் வாடகைக்கு எடுக்கிறார். இதுவரை அடோர்னோ ஜெயிப்பது போலத்தான் தெரியும்.

3

குறிகளைப் பேசும்போது அவற்றைச் செய்த கைகளையும் பேச வேண்டும். ‘ஈஸி ரைடர்’ படத்தின் அந்தப் புகழ்பெற்ற சாப்பர் வண்டிகளை உருவாக்கியவர்கள் கிளிஃபர்ட் வாஸ், பென் ஹார்டி என்ற இரு கறுப்பர்கள். படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. படத்தின் முக்கியப் பாத்திரங்களில் ஒருவர்கூடக் கறுப்பர் இல்லை. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கமே 1950-கள் வரை கறுப்பர்களை உறுப்பினராகச் சேர்த்ததில்லை. ஓக்லண்டில் 1959-ல் ‘ஈஸ்ட் பே டிராகன்ஸ்’ போன்ற கறுப்பர் சங்கங்கள் தனியே உருவானதை இந்தப் பின்னணியில் பார்க்கலாம். ஆக, வெள்ளைச் சுதந்திரத்தின் உச்சப் பிம்பம் கறுப்புக் கைகளின் வேலைப்பாடு. படத்திலிருந்து அந்தக் கைகளை அழித்த பிறகுதான் அது ‘சுதந்திரம்’ ஆகிறது.

சாலையும் அப்படித்தான். ஏஞ்சலஸ் கிரெஸ்ட் கட்டுமானம் 1929-ல் தொடங்கி, யுத்தத்தில் நின்று, 1956-ல் முடிந்தது. மலையைக் குடைந்த அந்த வேலையில் சிறைமுகாம் கைதிகளின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. கலிஃபோர்னியாவின் இன்னொரு புகழ்பெற்ற சவாரிச் சாலையான பிக் சர் கடலோரச் சாலையிலும் (திறப்பு 1937) கைதிகள் வேலை செய்தார்கள். சுதந்திரத்தின் சாலையைச் சுதந்திரம் பறிக்கப்பட்டவர்கள் போட்டார்கள் என்பது வெறும் சொல்விளையாட்டு இல்லை, சாலைக் கட்டுமானத்தின் சாதாரண வரலாறு.

இனி பாலைவனம். பயணக் குறிப்புகளில் பாலைவனம் எப்போதும் ‘வெறுமை’. யாரும் இல்லாத, எதுவும் எழுதப்படாத இடம். இங்கே நம் திணைக் கோட்பாட்டைக் கொஞ்சம் உதவிக்குக் கூப்பிடலாம். தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் தரவில்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்றொரு வடிவம் கொள்ளும் என்கிறது சிலப்பதிகாரம். அதாவது பாலை ஒரு நிலமாக இருப்பதைவிட ஒரு நிலைமையாக இருக்கிறது, அது ஆக்கப்படுகிறது. மொஹாவியைப் பொறுத்தவரை ஆக்குவதில் முதல் பங்கு மலைக்கு. கடல்காற்றின் ஈரத்தை மலைத்தொடர் தன் கடல்பக்கச் சரிவிலேயே பிழிந்துவிடுவதால்தான் மறுபக்கம் வறள்கிறது. சவாரிக்காரர் ஒரே காலையில் கடந்துவிடும் பச்சையும் மணலும் உண்மையில் ஒரே வாக்கியத்தின் இரண்டு பாதிகள்.

ஆனால் எல்லாப் பாலையும் இயற்கை எழுதியதல்ல. மொஹாவியிலிருந்து வடக்கே 395-ஆம் நெடுஞ்சாலையில், சியரா நெவாடா மலையடிவாரமாகப் போனால் ஓவன்ஸ் ஏரி வருகிறது. ஏரி என்பது பெயருக்குத்தான். லாஸ் ஏஞ்சலஸ் நகரம் 1913-ல் கால்வாய் கட்டி ஓவன்ஸ் ஆற்று நீரைக் கொண்டுபோனது. 1920-களிலேயே ஏரி ஏறக்குறைய வற்றிவிட்டது. எந்த நகரத்திலிருந்து தப்பித்துப் பாலைவனத்துக்கு வருகிறாரோ, அந்த நகரத்தின் குழாயில்தான் இந்த ஏரியின் தண்ணீர் போயிருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மன்சனார். 1942 முதல் 1945 வரை, ஜப்பானிய வம்சாவளியினர் என்ற ஒரே காரணத்துக்காகப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை முள்கம்பிக்குள் அடைத்து வைத்திருந்த முகாம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அது ‘வெறுமை’யாகத்தான் தெரிந்திருக்கும். வெறுமை ஒரு காட்சி இல்லை; சொல்லாடல். பையூட் மக்கள் வாழ்ந்த பள்ளத்தாக்கை, அவர்களை விரட்டிய பிறகு, ‘காலியாக இருக்கிறது’ என்று பெயரிடும் அதிகாரம்.

4

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் கட்டுடைப்பு முடிந்தது என்று எழுந்து போய்விடலாம். பலர் அதைத்தான் செய்கிறோம். ஆனால் சவாரிக்குள் இன்னொரு பிரதி மிச்சம் இருக்கிறது. அது வளைவு.

கொஞ்சம் வேகத்தில் போகும் மோட்டார் சைக்கிளை இடப்பக்கம் திருப்ப, ஹேண்டில்பாரின் இடக்கைப் பக்கத்தை முன்னோக்கித் தள்ள வேண்டும். அதாவது சக்கரத்தை ஒரு கணம் வலப்பக்கம் திருப்ப வேண்டும். அப்போதுதான் வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பும். கேட்டால் நம்ப முடியாது. பல வருஷம் ஓட்டியவர்களே தம் கை இதைச் செய்வதை அறியாமல்தான் செய்கிறார்கள். கண்ணைப் பற்றிய விதி இன்னும் விசித்திரம்: எதைப் பார்க்கிறாயோ அங்கேதான் வண்டி போகும். வளைவில் கிடக்கும் கல்லைப் பயந்து உற்றுப் பார்த்தால் கல்லின்மேலேயே ஏறுவாய். பயத்திலிருந்து பார்வையைப் பிரித்தெடுத்து, வளைவு முடியும் இடத்தில் நிறுத்த வேண்டும். வேகத்தைக் குறைப்பதெல்லாம் வளைவுக்கு முன்பே. இது உடல் கற்கும் இலக்கணம். விரும்பியபடி போவது என்ற அர்த்தத்தில் இங்கே சுதந்திரத்துக்கு இடமே இல்லை. சாலை என்ன சொல்கிறதோ அதைக் கேட்பதுதான் வேலை.

1980-ல் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலைத் தொடங்கிய கீத் கோட், 1983-ல் வெளியிட்ட நூலில் கவனத்தைப் பத்து டாலர் நோட்டுக்கு ஒப்பிடுகிறார். கையில் இருப்பது அவ்வளவுதான். கற்றுக்குட்டி சில்லறைச் சமாச்சாரங்களுக்கே பெரும்பகுதியைச் செலவழித்துவிடுவான், தேர்ந்தவனுக்கு மிச்சம் இருக்கும். உவமைகூட டாலரில்தான் வருகிறது என்று சிரிக்கத் தோன்றும். ஆனால் அந்த உவமையில் ஓர் உண்மை இருக்கிறது. வாரத்தில் ஐந்து நாள் இந்த மனிதரின் கவனம் மணிக்கணக்கில் வாங்கப்படுகிறது. எங்கே பார்க்க வேண்டும், எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்பதை வாங்கியவர் தீர்மானிக்கிறார். வளைவில் அதே கவனத்தை அவர் தானே செலவழிக்கிறார். முழுக்க, ஒரு பைசா மிச்சம் வைக்காமல். அதிலிருந்து சரக்கு எதுவும் உற்பத்தியாவதில்லை. வளைவு முடிந்ததும் அது போய்விட்டது, அவ்வளவுதான். வண்டியையும் ஜாக்கெட்டையும் பயிற்சி வகுப்பையும் சந்தை விற்கலாம். அந்த மூன்று வினாடிகளை அவருக்காக வேறொருவர் செலவிட முடியாது.

ஓய்வு என்பது உழைப்பின் நிழல் என்ற கோட்பாடு தவறவிடுவது இதைத்தான். வார இறுதியில் அவர் ஓய்வெடுக்கவில்லை. தன் உழைப்பைத் தன்னிடமே திரும்பப் பெற்று, அது எப்படி இருக்கும் என்று இரண்டு நாள் பார்க்கிறார். சினிமாவுக்கு இது அகப்படுவதில்லை. நேர்ச்சாலையைப் படமெடுக்கலாம், கவனத்தை எப்படிப் படமெடுப்பது? ராபர்ட் பிர்சிக் தன் 1974 நூலில் வண்டியின் பராமரிப்பைத் தத்துவமாக்கியபோது இதற்கு அருகில் வந்தார் என்பேன். அவர் அக்கறையை நட்டு போல்ட்டில் தேடினார். அது வளைவிலும் இருக்கிறது.

5

பணயம் என்ன என்று கேட்டால், உயிர். 2022-ல் அமெரிக்காவில் 6,218 மோட்டார் சைக்கிள்காரர்கள் சாலையில் இறந்தார்கள். பதிவான வாகனங்களில் மோட்டார் சைக்கிள் நூற்றுக்கு மூன்றைப் போல. சாலைச் சாவுகளிலோ நூற்றுக்குப் பதினைந்தைப் போல. இங்கே சுதந்திரம் என்ற சொல் வெறும் சொல்லாக இருப்பதில்லை. கலிஃபோர்னியாவில் 1992 ஜனவரி 1 முதல் எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். கொலராடோ ஆற்றைத் தாண்டி அரிசோனாவுக்குள் நுழைந்தால் பெரியவர்களுக்குக் கட்டாயம் இல்லை. எல்லை தாண்டியதும் ஹெல்மெட்டைக் கழற்றிப் பின்னால் கட்டிக்கொள்கிறவர் கடிகாரத்தை வீசிய அந்தப் பாத்திரத்தை நடித்துக் காட்டுகிறார். வளைவிடம் கற்றதை ஒரு பிம்பத்துக்காகக் கைவிடுகிறார். தொன்மம் உடலின்மேல் நேரடியாக எழுதும் இடம் இது.

‘ஈஸி ரைடர்’ நாயகர்களை வழியில் போகிறவர்கள் துப்பாக்கியால் சுடுகிறார்கள். மரணம் வெளியிலிருந்து, சுதந்திரத்தைப் பொறுக்காத சமூகத்திடமிருந்து வருகிறது. ஆகவே அது தியாகம். மலைச்சாலையின் மரணத்தில் இந்த வில்லன் இல்லை. வளைவில் சிதறிய சரளைக்கல், கணக்குத் தப்பிய வேகம், சந்திப்பில் திரும்பும் காரோட்டியின் கண்ணில் படாமல் போவது. தியாகம் என்று சொல்லிக்கொள்ள அதில் எதுவும் இல்லை. பள்ளத்தில் விழுந்தவரைக் கயிறு கட்டி இறங்கித் தூக்க வருகிற மாண்ட்ரோஸ் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்க்கிறவர்கள். அவர்களுக்கும் அதே சனி, ஞாயிறுதான். ஒருவருடைய சவாரியின் மறுமுனையில் இன்னொருவருடைய வார இறுதி கட்டப்பட்டிருக்கிறது.

வண்டி செய்த கைகள், மலை குடைந்த கைகள், கயிறு பிடிக்கும் கைகள் – இவை எதையும் காணாமல்தான் ‘தனியொருவனின் சுதந்திரம்’ என்ற கதையாடல் ஓடுகிறது. வளைவில் ஹேண்டில்பாரைத் தள்ளும் கை இந்த வரிசையில் சேர வேண்டியது. அதை விளம்பரக்காரனிடமும் விட்டுவிடக் கூடாது, பொய்ப் பிரக்ஞை என்று சொல்லி ஓரங்கட்டவும் கூடாது. போராடிப் பெற்ற இரண்டு நாளில் ஒரு மனிதர் தன் கவனத்துக்குத் தானே எஜமானராக இருந்து பார்க்கிறார் என்றால், விமர்சனம் கேட்க வேண்டிய கேள்வி ஏன் அந்த இரண்டு நாள் என்பதல்ல. மிச்சமுள்ள ஐந்து நாளும் அது ஏன் அவரிடம் இல்லை என்பதுதான்.