ஷேக்ஸ்பியர் உட்காராத பெஞ்ச்

லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனில் இறங்கி பரோ ஹை ஸ்ட்ரீட்டில் கொஞ்ச தூரம் நடந்தால் இடது பக்கம் ஒரு சந்து வரும். அதற்குள் 'ஜார்ஜ் இன்'. குதிரை வண்டிக் காலத்துச் சத்திரம். முற்றத்தைப் பார்த்தபடி மாடியில் மரத் தாழ்வாரம் ஓடுகிறதே, அந்த மாதிரி கேலரியோடு லண்டனில் மிஞ்சியிருக்கிற வண்டிச் சத்திரம் இது ஒன்றுதான்.

ஷேக்ஸ்பியர் இந்த பெஞ்சில் உட்கார்ந்து பீர் குடித்தார் என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். மனுஷர் 1616-லேயே போய்விட்டார். பழைய சத்திரம் 1676 தீ விபத்தில் எரிந்து, இப்போது இருப்பது அடுத்த வருஷம் கட்டியது. டிக்கென்ஸ் சமாசாரம் வேறே. 'லிட்டில் டாரிட்' நாவலில் இதன் பெயர் வருகிறது.

பக்கத்திலிருந்த சத்திரங்களுக்கு ஜார்ஜைவிடப் பெரிய இலக்கிய அந்தஸ்து. சாசரின் யாத்ரீகர்கள் புறப்பட்ட 'டாபர்ட்', பிக்விக் சாம் வெல்லரைச் சந்தித்த 'வொயிட் ஹார்ட்'. இரண்டையும் 19-ம் நூற்றாண்டிலேயே இடித்துவிட்டார்கள். ரயில் வந்து குதிரை வண்டிகள் படுத்துவிட்டன. ஜார்ஜையும் ஒரு ரயில்வே கம்பெனிதான் வாங்கி, டிப்போவாக்கி, தென்புறத்தை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தரைமட்டமாக்கியது. மிஞ்சியதை 1937-ல் நேஷனல் டிரஸ்ட்டுக்குக் கொடுத்ததும் ரயில்வேக்காரர்கள்தான்!

சரி, சாப்பாடு? ஃபிஷ் அண்ட் சிப்ஸ், பை, ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட். எந்த இங்கிலீஷ் பப்பிலும் கிடைக்கிற அயிட்டங்கள். (சைவர்களுக்கு சிப்ஸ் நிச்சயம்.) 'முன்னூறு வருஷக் கட்டடத்தில் இதைச் சாப்பிடவா வந்தோம்?' என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. நான் அவர்கள் கட்சி இல்லை. அந்தக் காலத்துப் பிரயாணியும் இங்கே விருந்து சாப்பிட வரவில்லை. வண்டி கிளம்புமுன் கிடைத்ததை விழுங்கிவிட்டு ஓடினான். சிப்பந்திகளுக்கு விக் மாட்டிவிட்டு, பியூட்டர் தட்டில் பரிமாறியிருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும். கயிறு கட்டி 'தொடாதீர்' போர்டு வைத்திருந்தால் அதைவிட மோசம். இங்கே அந்தப் பழைய மரத்தின்மேல் சாஸ் சிந்தலாம்; துடைத்துவிடுவார்கள்.

என் ஆட்சேபணை வேறே. மாடியில் முன்பு படுக்கையறைகளாக இருந்த இடங்களில் இப்போது சாப்பாட்டு மேஜைகள். ராத்திரி தங்க முடியாது. தங்க முடியாத சத்திரம் பாதி சத்திரம்தானே? ஏற்கெனவே பாதிதான் நிற்கிறது என்பதால் விட்டுவிடலாம்.

வெயில் அடித்தால் கூட்டம் முழுக்க முற்றத்து பெஞ்சுகளில்தான். நீங்கள் உள்ளே போங்கள். தலை இடிக்கிற உத்தரம், கணப்பு, சுவரில் ஒரு பெரிய கடிகாரம். அந்த வகைக்குப் 'பார்லிமென்ட் கடிகாரம்' என்று பெயர். 1797-ல் கடிகாரத்துக்கெல்லாம் வரி போட்டார்கள். ஜனங்கள் வாங்குவதையே நிறுத்தி, மணி பார்க்கச் சத்திரத்துக்கு வந்தார்களாம். மறு வருஷமே வரியை எடுத்துவிட்டார்கள். கடிகாரம் இன்னும் சுவரில் இருக்கிறது.