படம் இருக்கிறது, சுவடி எங்கே?

ஒளியியல் வகுப்பில் பிரிதிறன் பாடம் நடத்தும்போது, சுவரில் ஒரு படத்தை வீழ்த்திக் காட்டுவது என் வழக்கம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள ஓர் எத்தியோப்பியத் தோல் சுவடியின் பக்கம் அது. முதலில் பக்கம் முழுவதும் தெரியும். பெரிதாக்கினால் ஒரு வரி. மேலும் பெரிதாக்கினால் ஓர் எழுத்து. அதற்கும் மேலே போனால், தோலில் ஆட்டின் மயிர்க்கால்கள் இருந்த புள்ளிகளே தெரியும். மாணவர்கள் வியந்து போவார்கள். ஒருமுறை பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஐயா, இவ்வளவு துல்லியமாகப் படம் கிடைக்கும்போது, மூலச் சுவடியைத் திருப்பிக் கொடுங்கள் என்று எத்தியோப்பியர்கள் ஏன் கேட்கிறார்கள்?" என்றார். அன்று என்னால் சரியாக விடை கூற இயலவில்லை. மணியடித்தது, தப்பித்தேன். அதன் பிறகு படித்ததையும் யோசித்ததையும் வைத்து இப்போது விடை கூற முயல்கிறேன்.

முதலில், இந்தச் சுவடிகள் ஐரோப்பாவுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தன என்று பார்ப்போம். சில, யாத்திரிகர்களும் அறிஞர்களும் வாங்கிச் சென்றவை. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் புரூஸ், ஏனோக்கு நூலின் கீஸ் மொழிப் படிகளை 1773இல் ஐரோப்பாவுக்குக் கொண்டு வந்தார். மேலை நாட்டினர் தொலைந்துபோனதாகக் கருதியிருந்த அந்த நூல், எத்தியோப்பியத் திருச்சபையில் ஓதப்பட்டு வந்த வேதப் பகுதியாகவே இருந்தது! கண்டுபிடிப்பு என்று இதைச் சொல்வது எவ்வளவு பொருந்தும் என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆனால் லண்டன் தொகுப்பின் பெரும் பகுதி வாங்கப்பட்டதன்று. பேரரசர் தெவொத்ரோஸ் சிறைப்படுத்தியிருந்த ஐரோப்பியர்களை விடுவிக்க, 1867–68இல் பிரிட்டிஷார் ஒரு படையை அனுப்பினர். அந்தப் படை புறப்பட்டது பம்பாயிலிருந்து. தளபதி நேப்பியர் பம்பாய்ப் படையின் தலைவர். ஏறத்தாழ 13,000 வீரர்கள்; நாற்பதுக்கு மேற்பட்ட யானைகள்; சென்னை மாகாணத்தின் 'சாப்பர்ஸ்' படைப்பிரிவும் அதில் இருந்தது. ஏப்ரல் 13ஆம் நாள் மக்தலா மலைக்கோட்டை வீழ்ந்தது. தெவொத்ரோஸ் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு இறந்தார். கோட்டை சூறையாடப்பட்டது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் சார்பில் ரிச்சர்ட் ஹோம்ஸ் என்பவர் படையுடனேயே வந்திருந்தார். கொள்ளைப் பொருள்களைச் சுமக்க 15 யானைகளும் சுமார் 200 கோவேறு கழுதைகளும் வேண்டியிருந்தன. பின்னர் ஒரு சமவெளியில் அவை ஏலம் விடப்பட்டன. ஹோம்ஸும் ஏலம் எடுத்தார். ஏறக்குறைய 350 சுவடிகள் லண்டன் சேர்ந்தன. அவற்றை ஒரு பெரிய தேவாலய நூலகத்துக்காகத் தெவொத்ரோஸ் திரட்டி வைத்திருந்தார்.

இனி அட்டவணைக்கு வருவோம். 1877இல் வில்லியம் ரைட் என்னும் பேரறிஞர் இவற்றை வகைப்படுத்தி ஒரு நூற்பட்டியல் வெளியிட்டார். இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அதை எடுத்துப் புரட்டுகிறார்கள். ஒரு நூற்றாண்டுக்கு மேல் உழைக்கும் கருவியைச் செய்தவரைக் குறை கூறுவது எளிதன்று. ஆனால் அந்தக் கருவி எதை அளந்தது? நூலின் பெயர், தொடக்க வரிகள், ஏடுகளின் எண்ணிக்கை, எழுத்தின் காலம். அவருக்கு முன்பு 1847இல் டில்மன் வெளியிட்ட பட்டியலோ இலத்தீன் மொழியில் இருந்தது. சுவடியை எழுதிய மக்களின் வழியினர் தம் நூலைத் தேட இலத்தீன் கற்க வேண்டும்! இந்தப் பட்டியல்களுக்குச் சுவடி என்பது ஒரு வாசகத்தைத் தாங்கும் பாத்திரம் மட்டுமே. பாத்திரத்தைப் பற்றி அவை அதிகம் பேசவில்லை.

ஐரோப்பியர்களுக்கு இந்த மொழியைக் கற்பித்ததே ஓர் எத்தியோப்பியர் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். 1652இல் அப்பா கோர்கோரியோஸ் என்ற துறவி ஜெர்மனியின் கோத்தா நகருக்கு வந்து, ஹியோப் லுடோல்ஃப் என்பவருடன் அமர்ந்து உழைத்தார். அதிலிருந்தே லுடோல்ஃபின் இலக்கணமும் அகராதியும் செழுமை பெற்றன. அவர் பெயரைத் தாங்கிய ஹாம்பர்க் பல்கலைக்கழக மையம், 2016 முதல் எத்தியோப்பிய, எரித்திரியச் சுவடிகள் அனைத்துக்கும் ஒரே கணிப்பொறி அட்டவணையை உருவாக்கி வருகிறது. எங்கெங்கோ சிதறிய சுவடிகளை ஒரே இடத்தில் தேடலாம்; கட்டு, தோல், ஓரக்குறிப்பு, உடைமையாளர் பெயர் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. ரைட் விட்ட இடைவெளியை இது நிரப்புகிறது எனலாம். நான் மனமாரப் பாராட்டும் பணி இது.

படமெடுக்கும் பணியைத்தான் நான் சற்றுக் கடிந்து பேச வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் நூலகம் 2018இல் எத்தியோப்பியச் சுவடிகளின் கண்காட்சி ஒன்றை நடத்தியது. அதையொட்டிய ஆண்டுகளில் அவற்றைப் படமெடுத்து இணையத்தில் வைத்தது. படங்கள் அழகானவை. ஆனால் ஒளிப்படம் என்பது ஓர் அளவீடு. எந்த அளவீடும் ஒரு கேள்வியை முன்வைத்தே செய்யப்படுகிறது. இந்தப் படங்களின் கேள்வி, 'என்ன எழுதியிருக்கிறது?' என்பதே.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். இரவில் அறை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கைச் சுவருக்கு நேரே பிடியுங்கள். சுவர் மட்டமாகத் தெரியும். அதே விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடித்தால், கொத்தனார் பூசிய ஒவ்வொரு மேடும் பள்ளமும் நிழலோடு எழுந்து நிற்கும். எத்தியோப்பிய எழுத்தர்கள் தோலில் ஊசியால் துளையிட்டு, மழுங்கிய முனையால் கீறி, மையில்லாமலே கோடு போட்டுக்கொண்டு எழுதினார்கள். அந்தக் கோடுகளின் அமைப்பு, எந்தப் பட்டறை, எந்தக் காலம் என்று ஊகிக்க உதவும் சான்று. ஆனால் நூலகப் படமெடுப்பில் இருபுறமும் 45 பாகைக் கோணத்தில் சமமாக விளக்கு வைப்பார்கள். எழுத்துத் தெளிவாக வருவதற்கு அதுவே சிறந்த முறை. கோடுகள் மங்கி மறைவதற்கும் அதுவே சிறந்த முறை! ஒவ்வொரு சுவடியிலும் சில பக்கங்களையாவது பக்கவொளியில் எடுத்துச் சேர்த்திருந்தால் செலவு அதிகம் ஆகியிராது.

அடுத்து நிறம். நம் கணிப்பொறித் திரை, எந்த நிறத்தையும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று எண்களாகச் சுருக்கிவிடுகிறது. உண்மையில் ஒரு நிறமி எதிரொளிக்கும் ஒளி, அலைநீளத்துக்கு அலைநீளம் மாறும் ஒரு நீண்ட வளைகோடு. இரண்டு வேறு வளைகோடுகள் ஒரே மூன்று எண்களைத் தரக்கூடும். சாதிலிங்கத்தால் எழுதிய சிவப்பும் செடியிலிருந்து வடித்த சிவப்பும் படத்தில் இரட்டைப் பிள்ளைகள்போல் தோன்றலாம். எக்ஸ் கதிர் ஒளிர்தல் கருவியை அருகே கொண்டுபோனால், சாதிலிங்கம் தன்னுள் இருக்கும் பாதரசத்தை ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிடும். அந்தப் பாதரசம் படத்தில் இல்லை; சுவடியில் இருக்கிறது.

மையின் கதை இன்னும் சுவையானது. இடைக்கால ஐரோப்பாவில் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள். அது தோலுக்குள் ஊறி, வேதிவினையால் பற்றிக்கொள்ளும். சுரண்டி அழித்தாலும் புறஊதா ஒளியில் தோல் ஒளிர, எழுத்தின் தடம் கறுப்பாய்த் தெரியும். எத்தியோப்பியாவின் மரபு மையோ பெரும்பாலும் கரி மை. கரி மங்காது, ஐரோப்பிய மை கண்ணுக்கு ஏறக்குறைய மறைந்துவிடும் 1000 நானோமீட்டருக்கு அப்பாலுள்ள அகச்சிவப்பிலும் கன்னங்கரேலென்று நிற்கும். ஆனால் அது தோலின் மேற்பரப்பில் அமர்ந்திருக்கிறதேயன்றி உள்ளே வேரூன்றுவதில்லை. ஆகவே சுரண்டி எடுத்தால் தடம் மிகக் குறைவாகவே எஞ்சும்.

இதனால் என்ன என்று கேட்கலாம். எத்தியோப்பியச் சுவடிகளில், பிரார்த்தனைகளுக்கு நடுவே உடைமையாளரின் பெயர் எழுதப்படும். சுவடி கைமாறும்போது பழைய பெயரைச் சுரண்டிவிட்டுப் புதிய பெயரை எழுதுவார்கள். ஒரு சுவடி எந்தத் தேவாலயத்துக்கு உரியது, மக்தலாவுக்கு எங்கிருந்து வந்தது என்ற வரலாறு அந்தச் சுரண்டிய இடங்களில் புதைந்து கிடக்கலாம். அதை வாசிக்கச் சாதாரணப் படம் போதாது. ஐரோப்பிய மைக்குப் பழகிய முறைகளை அப்படியே பொருத்தினாலும் போதாது. கீறலின் பள்ளத்தையும் எஞ்சிய துகளையும் தேட வேண்டும். அதற்கு மூலச் சுவடி வேண்டும். நாளைக்கு வரப்போகும் கருவிக்கும் அதுவேதான் வேண்டும்.

சீரமைப்பைப் பற்றியும் சில சொற்கள். இந்தத் தோல் காலணித் தோல்போல் துவர்ப்பொருளில் பதனிட்டதன்று. ஊறவைத்து, சுரண்டி, இழுத்துக் கட்டி உலர்த்தியது. உள்ளே இருப்பது கொலாஜன் என்ற புரதம். காற்றின் ஈரத்துக்கேற்ப அது நீரை உறிஞ்சும், விடும், உப்பும், சுருங்கும். எத்தியோப்பியச் சுவடியின் இரு மரப்பலகைகள் ஏடுகளை அமுக்கி வைத்திருக்கும். வெளியே ஒரு தோல் உறை. அதைச் சுவரில் ஆணியில் மாட்டுவார்கள். உறைக்குள் ஈரம் சட்டென்று மாறாது, நல்ல இயற்பியல். ஐரோப்பாவில் இச்சுவடிகளில் சிலவற்றைப் பிரித்து, அந்த ஊர் முறையில் புதிதாய்க் கட்டினார்கள். பாதுகாக்கும் எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் பழைய தையல் பிரிந்தபோது ஒரு சான்று அழிந்தது.

அழுக்கும் ஒரு சான்றே! 2010இல் வெளியான ஓர் ஆய்வில், இடைக்கால ஐரோப்பிய ஜெப நூல்களின் பக்க ஓரங்களை ஒளியடர்த்திமானியால் அளந்து, எந்த ஜெபத்தை மக்கள் அதிகம் ஓதினார்கள் என்று கண்டறிந்தார்கள். விரல் பட்டுப் பட்டுக் கறுத்த பக்கமே விரும்பிய பக்கம். மெழுகுச் சொட்டும் தூபப் புகையும் படிந்த எத்தியோப்பியச் சுவடியைப் 'பளிச்'சென்று துடைத்து வைப்பவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். இப்போதைய சீரமைப்பாளர்கள் குறைவாகவே கைவைக்கிறார்கள் என்பது ஆறுதல். எத்தியோப்பியாவின் அப்பா கரிமா மடத்தில் உள்ள நற்செய்திச் சுவடிகளைச் செப்பனிட, வல்லுநர்கள்தாம் மலையேறிப் போனார்கள். சுவடிகள் மடத்தை விட்டு இறங்கவில்லை. அவற்றில் ஒன்று கார்பன் கணிப்பில் கி.பி. 330க்கும் 650க்கும் இடைப்பட்டதாகத் தேறியது. ஆகவே சுவடியை ஊர்விட்டு எடுத்தால்தான் காப்பாற்ற முடியும் என்ற வாதம் எனக்கு ஏற்புடையதாயில்லை.

மறுபக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2020 முதல் 2022 வரை திக்ரே பகுதியில் நடந்த போரில் தேவாலயங்களும் மடங்களும் தாக்கப்பட்டன; சுவடிகள் சூறை போனதாகவும் இணைய ஏலத்தில் விலைக்கு வந்ததாகவும் செய்திகள் வந்தன. அந்தப் பகுதிச் சுவடிகளை 2009க்கும் 2015க்கும் இடையே ஹாம்பர்க் குழுவினர் படமெடுத்து வைத்திருந்தார்கள். களவு போன சுவடியை அடையாளம் காண அத்தகைய படமே துணை. அதற்கும் முன்னால், 1973இல் தொடங்கிய நுண்படத் திட்டம் எத்தியோப்பியாவிலேயே ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சுவடிகளைப் படச்சுருளில் ஏற்றியது. அச்சுருள்களின் பட்டியலை அமெரிக்காவில் இருந்து உருவாக்கியவர்களில் முதன்மையானவர் கெதாச்சௌ ஹைலே என்ற எத்தியோப்பிய அறிஞர். படங்கள் கறுப்பு வெள்ளைதான், நிறம் போயிற்று. ஆனால் சுவடிகள் அவரவர் தேவாலயத்திலேயே இருந்தன. படம் எடுப்பதை நான் மறுக்கவில்லை. எடுத்த பிறகு சுவடி எங்கே இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன்.

படமும் எங்கோ ஓர் இடத்தில்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 செ.மீ. உயரமும் 25 செ.மீ. அகலமும் உள்ள பக்கத்தை அங்குலத்துக்கு 400 புள்ளிகள் வீதம் எடுத்தால், சுமார் 1 கோடியே 86 இலட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் எனில் ஏறத்தாழ 56 மெகாபைட். 400 பக்கச் சுவடிக்கு 22 கிகாபைட். மக்தலாவின் 350 சுவடிகளும் இதே அளவு என்று வைத்துக்கொண்டாலும் 8 டெராபைட்டைத் தாண்டாது; உள்ளங்கையில் அடங்கும் ஒரு சேமிப்பு வட்டு போதும். எனவே முழுப் படிகளையும் அடிஸ் அபாபாவில் வைப்பதற்குத் தொழில்நுட்பத் தடை ஏதுமில்லை. இணையத்தில் ஒரு வாயிலைத் திறந்துவிட்டு 'உலகுக்கெல்லாம் கிடைக்கிறது' என்பது அரை வேலை. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் கணிப்பொறிகளைக் கயவர் கூட்டம் ஒன்று முடக்கியது. சுவடிப் படங்கள் மாதக்கணக்கில் யாருக்கும் திறக்கவில்லை. என் வகுப்புப் பக்கத்தையும் அந்நாளில் பழைய படியிலிருந்துதான் காட்டினேன். சுவடிகள் பத்திரமாக லண்டனில் இருந்தன. லண்டன் போக முடிந்தவர்களுக்கு.

பின்வரிசை மாணவருக்குச் சொல்ல இன்னும் ஒரு செய்தி வைத்திருக்கிறேன். மக்தலாவிலிருந்து போனவற்றில் 'கெப்ர நகஸ்த்' என்னும் நூலும் உண்டு. சாலமோன், சேபா அரசி வழியாக எத்தியோப்பிய அரசமரபைச் சொல்லும் நூல் அது. 1872இல் பேரரசர் நான்காம் யோஹன்னஸ், அதைத் திருப்பித் தருமாறு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். 1868 படையெடுப்பிலேயே இராணுவப் பொறியாளர்கள் ஒளிப்படக் கருவியுடன் சென்றிருந்தார்கள். படமெடுக்கும் கலை லண்டனுக்குப் புதிதன்று. ஆனாலும் அருங்காட்சியகத்தார் படம் எடுத்து அனுப்பவில்லை. சுவடியையே திருப்பி அனுப்பினார்கள்.