முடிவு தெரிந்த படம்

அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஹால்மார்க் சேனலில் வரிசையாகக் காதல் படங்கள். எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான். தீர்த்தமலையில் எங்களுக்கு, முடிவு தெரிந்தே பார்க்கும் அந்தச் சுகத்தைத் தருவது விக்ரமனின் ‘சூர்யவம்சம்’. 1997-இல் வந்த படம். டிவியில் பாதியிலிருந்து பார்த்தாலும் போதும். நாயகன் சின்ராசு பஸ் முதலாளியாவான், அவன் மனைவியாக வரும் தேவயானி கலெக்டராவார் என்பதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் பேரன் தாத்தாவுக்குப் பாயசம் கொடுக்கும் இடம் வந்தால், அடுப்படியிலிருந்து அம்மா கரண்டியோடு வந்து நின்றுவிடுவார். பிரிந்திருக்கும் அப்பாவும் மகனும் சேருவார்களா என்ற பதற்றம் கிடையாது, சேரத்தான் போகிறார்கள். அதனால்தான் எஸ். ஏ. ராஜ்குமாரின் இசையோடு சரத்குமாரின் முகத்தை நிதானமாகப் பார்க்க முடிகிறது: தகப்பனாக விறைப்பு, மகனாகக் கூச்சம். அவர் நடித்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இந்த இரட்டை வேடம்தான்.