வக்காலத்து கொடுப்பவள்

'அவளுக்கு நீ எதற்கு வக்காலத்து வாங்குகிறாய்?' என்று நம் வீடுகளில் கேட்பார்கள். கேட்காமலேயே வந்து பேசுகிறவரைக் குத்திக்காட்டும் கேள்வி இது. இந்தப் பேச்சில் வக்காலத்து வாங்குகிறவர் மட்டும்தான் இருக்கிறார். கொடுத்தவர் காணாமல் போய்விடுகிறார். நீதிமன்றத்தில் கணக்கு வேறு. வழக்கில் சிக்கியவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் வக்காலத்து. வழக்கறிஞரின் அதிகாரம் அந்தக் கையெழுத்திலிருந்து பிறக்கிறது. 2019 ஆகஸ்டில் வெளியான 'நேர்கொண்ட பார்வை' படத்தை இன்று மறுபடி பார்த்தால், கொடுப்பவள் காணாமல் போயிருப்பதுதான் உறுத்துகிறது.

2016இல் இந்தியில் வந்த 'பிங்க்' படத்தை எச். வினோத் தமிழில் இயக்கினார். வாடகை வீட்டில் சேர்ந்து வாழும், வேலைக்குப் போகும் மூன்று பெண்கள். தன்னைப் பலவந்தப்படுத்த முயன்றவனை மீரா பாட்டிலால் அடிக்கிறாள். அவனுக்கு அரசியல் செல்வாக்கு இருக்கிறது. புகார் திரும்பி அவள்மீதே கொலை முயற்சி வழக்காக வந்து விழுகிறது. மூவரும் பணத்துக்காகப் பழகியவர்கள் என்ற கதையும் சேர்கிறது. ஒரு பெண் 'வேண்டாம்' என்றால் அதற்கு வேறு பொருள் கிடையாது என்பதை உச்ச நட்சத்திரம் ஒருவர் தமிழ்த் திரையில் சொன்னது சிறிய காரியமல்ல. அந்தப் பெருமையைப் படத்திடமிருந்து யாரும் பறிக்க வேண்டியதில்லை. நம் கேள்வி வேறு: அந்த வழக்கு யாருடையது?

முதலில் குற்றச்சாட்டைப் பார்ப்போம். அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 109ஆம் பிரிவு. பத்து ஆண்டுகள் வரை சிறை. காயம் ஏற்பட்டிருந்தால் ஆயுள் தண்டனைகூட விதிக்கலாம். ஜாமீனில் விடமுடியாத குற்றம். ஆனால் ரத்தம் வந்தது என்பதாலேயே இந்தக் குற்றம் நிரூபணமாகிவிடாது. செத்திருந்தால் கொலையென்று ஆகியிருக்கும் அளவுக்கான எண்ணமோ, விளைவு பற்றிய அறிவோ அடித்தவளுக்கு இருந்தது என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். அதற்கு எதிரே தற்காப்புரிமை நிற்கிறது. வல்லுறவு நோக்கத்தோடு தாக்க வருபவனைத் தடுக்கும்போது, அவன் உயிர் போனாலும் அது குற்றமாகாது என்பதைப் பழைய சட்டத்தின் 100ஆம் பிரிவும் புதிய சட்டத்தின் 38ஆம் பிரிவும் சொல்கின்றன. இந்த வழக்கின் முதுகெலும்பு இதுதான். 'உன்மேல் சொல்லப்படுவது இது, அவர்கள் நிரூபிக்க வேண்டியது இது, உன் பதில் இது' என்று மீராவோடு ஒருவர் உட்கார்ந்து பேசப் படம் இடம் ஒதுக்கவில்லை. வழக்கு அவளுடைய ஒழுக்கத்தைப் பற்றிய விவாதமாகிறது. தற்காப்பு அதற்குள் அமிழ்ந்துபோகிறது.

அடுத்தது கூண்டு. படத்தின் புகழ்பெற்ற காட்சிகள் எல்லாம் அந்தப் பெண்கள் கூண்டில் நின்று விசாரிக்கப்படும் காட்சிகள். பார்ப்பவருக்கு இது இயல்பாகத் தோன்றும்: குற்றம் சாட்டப்பட்டவள் பதில் சொல்லித்தானே ஆகவேண்டும்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது அரசியல் சாசனத்தின் 20(3)ஆம் உறுப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 315ஆம் பிரிவு, இன்றைய 353, இன்னும் தெளிவாகப் பேசுகிறது: குற்றம் சாட்டப்பட்டவர் தாமே எழுத்துமூலம் கேட்டுக்கொண்டால்தான் அவரைச் சாட்சியாக அழைக்கலாம். அவர் சாட்சி சொல்லாமல் இருந்தால் அதைப் பற்றி எதிர்த்தரப்பும் பேசக் கூடாது, நீதிபதியும் பேசக் கூடாது. சாட்சிகள் சொன்னதைப் பற்றி நீதிபதி அவரிடம் கேட்கும் கட்டம் தனியாக உண்டு. அதற்குச் சத்தியப் பிரமாணமும் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை.

ஆகவே மீராவும் தோழிகளும் கூண்டேறினால் அது அவர்களே எடுத்த, ஆபத்து நிறைந்த முடிவாக இருந்திருக்க வேண்டும். ஏறலாமா, ஏறினால் எதிர்த்தரப்பு எங்கே குத்தும், எது வரை தாங்க முடியும் என்பதெல்லாம் வழக்கறிஞரும் கட்சிக்காரரும் முந்தைய நாள் பேசித் தீர்க்க வேண்டியவை. படத்தில் அந்த முந்தைய நாளே இல்லை. அதனால்தான் மூவரில் ஒருத்தி அவமானம் தாளாமல், வாங்காத பணத்தை வாங்கியதாகக் கூண்டிலேயே கத்துகிறாள். அந்தக் காட்சியில் நாம் அழுகிறோம். அவளைத் தயார்படுத்தாமல் அங்கே நிறுத்தியது யார் என்று கேட்கத் தோன்றுவதில்லை.

'நீ கன்னிதானா?' என்ற கேள்வியும் அப்படித்தான். குற்றம் சாட்டப்பட்டவர் தன் நன்னடத்தையைத் தானே சாட்சியமாக முன்வைக்காத வரை, அவருடைய கெட்ட நடத்தையை எதிர்த்தரப்பு சாட்சியமாக்க முடியாது என்றது பழைய சாட்சியச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. அந்த வேலிக்குக் காவல் நிற்பதுதான் எதிரித் தரப்பு வழக்கறிஞரின் வேலை. வழக்கறிஞர் பரத் தாமே வேலியைத் திறந்து, நிறைந்த நீதிமன்றத்தில் மீராவிடம் அந்தக் கேள்வியைக் கேட்கிறார். விரும்பிய உறவு வேறு, விரும்பாத தொடுகை வேறு என்று நிறுவத்தான் கேட்டார் என்று படத்துக்காக வாதாடலாம். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். 'இதைக் கேட்கப்போகிறேன், உனக்குச் சம்மதமா?' என்று அவளிடம் கேட்டாரா? சம்மதத்தைப் பற்றிய ஒரு படம், தன் கட்சிக்காரியின் சம்மதத்தை மறந்துவிட்டது.

சினிமா சட்ட வகுப்பல்ல என்பார்கள். ஆனால் நம்மில் பெரும்பாலோர் நீதிமன்றத்தின் உட்புறத்தைக் கண்டது திரையில்தான். அங்கே கற்றது நமக்குள் தங்குகிறது. ஆண் ரட்சகர் வருவார், நாம் நிமிர்ந்து நின்றால் போதும் என்று இந்தப் படம் கற்றுத்தருகிறது. தமிழில் பரத்துக்குச் சண்டைக் காட்சி சேர்ந்தது, மறைந்த மனைவியின் கதை சேர்ந்தது. அந்தப் பெண்களுக்கு எதுவும் சேரவில்லை. 2021இல் வந்த 'ஜெய் பீம்' படத்திலும் நாயகன் வழக்கறிஞர்தான். ஆனாலும் செங்கேணி கணவனைத் தேடி வழக்கறிஞரிடம் வந்து சேர்கிறாள். சமரசப் பணத்தை மறுக்கும் முடிவை அவளே எடுக்கிறாள். வழக்கு அவள் கையில் இருக்கிறது.

திரைக்கு வெளியே என்ன நடக்கிறது? பெண்மீது வழக்கு வந்தால் அப்பாவோ அண்ணனோ கணவனோ வழக்கறிஞரைப் பிடிக்கிறார். வழக்கறிஞரும் அவரிடமே பேசுகிறார். இவள் காட்டிய இடத்தில் கையெழுத்திடுகிறாள். விருப்பமான வழக்கறிஞரை வைத்துக்கொள்ளும் உரிமையைச் சாசனத்தின் 22(1)ஆம் உறுப்பு கைதானவருக்கே கொடுத்திருக்கிறது, அவர் வீட்டு ஆணுக்கு அல்ல. எஃப்.ஐ.ஆர். நகலில் என்னென்ன பிரிவுகள் இருக்கின்றன, ஜாமீன் உண்டா, இதுபோன்ற வழக்கை நீங்கள் நடத்தியிருக்கிறீர்களா, வாய்தா நாளில் நீங்கள் வருவீர்களா ஜூனியர் வருவாரா, ஃபீஸ் மொத்தமாகவா தவணையாகவா, நான் சொல்வது என் வீட்டாருக்குப் போகுமா என்று அவள் கேட்கலாம். கடைசிக் கேள்வி மிக முக்கியம். கட்சிக்காரர் தொழில்முறையில் சொன்னதை அவர் சம்மதமின்றி வழக்கறிஞர் வெளியே சொல்லக் கூடாது. ஃபீஸ் கட்டுபவர் அப்பாவாக இருந்தாலும் கட்சிக்காரர் அவள்தான். பதில் பிடிக்காவிட்டால் வழக்கறிஞரை மாற்றலாம்.

பணம் இல்லாதவளுக்கும் வழி இருக்கிறது. 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் எந்தப் பெண்ணும் இலவசச் சட்ட உதவிக்குத் தகுதியுடையவள். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். இலவசமாகக் கிடைத்த வழக்கறிஞரிடமும் மேலே சொன்ன கேள்விகளைக் கேட்கலாம். அது தானமல்ல, அவளுக்குச் சட்டப்படி சேர வேண்டியது.

'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பு வாங்கித் தந்த படத்துக்கு நன்றி. அந்தச் சொல்லைக் காவல் நிலையத்திலும், கூண்டிலும், தேவைப்பட்டால் தன் சொந்த வழக்கறிஞரிடமும் சொல்லும் ஒரு மீராவை நம் திரை இன்னும் எழுதவில்லை.