ஓட்டம் முடியுமுன் எழுதிய நூல்

உடல் எடையைக் குறைக்க வழிகாட்டும் நூல்கள் இன்று புத்தகக் கடைகளில் குவிந்து கிடக்கின்றன. எதை உண்பது, எதை விலக்குவது, எவ்வளவு தொலைவு நடப்பது என்று கணக்குச் சொல்லி முடிந்துவிடும் கையேடுகளே அவற்றுள் பெரும்பாலானவை. திறனாய்வுக்கு அவற்றிடம் வேலையில்லை. ஆயினும், தம் உடல் பருத்ததையும் இளைத்ததையும் தம் வாழ்வின் கதையாகவே எழுதியவர்கள் சிலர் உண்டு. அவ்வாறு எழுதப்பட்ட நூல் தன்வரலாறு என்னும் இலக்கிய வகைக்குள் வந்துவிடுகிறது. எனவே தன்வரலாற்றிடம் நாம் எதிர்பார்க்கும் நேர்மையையும் நிறைவையும் அதனிடமும் எதிர்பார்ப்பது முறையாகும்.

இப்பொருள் நமக்கு அயலானதன்று. ஞாயிறு காலைத் திருப்பலிக்கு முன்பே எழுந்து ஓடிவிட்டு வருகிற நடுவயதினரை நம் பங்குகளில் இன்று காண்கிறோம். முதன்முறையாக ஓர் அரை மாரத்தானை, அதாவது 21.0975 கிலோமீட்டரை, ஓடி முடிக்கவேண்டும். அதற்குள் உடலும் இளைக்கவேண்டும் என்பது அவர்களுள் பலருடைய இலக்கு. இத்தகையோர் ஊக்கம் தேடிச் செல்லும் நூல்கள் எதைக் கற்பிக்கின்றன, எதைச் சொல்லாமல் விடுகின்றன என்று ஆராய்வது பயனுடையது. அதற்காக ஜெர்மானியர் ஒருவரின் நூலை முதன்மையாகவும், ஜப்பானியர் ஒருவரின் நூலை ஒப்புநோக்கவும் எடுத்துக்கொள்கிறோம்.

யோஷ்கா ஃபிஷர் 1948இல், ஹங்கேரியை விட்டு வெளியேற நேர்ந்த ஜெர்மானியக் குடும்பம் ஒன்றில், இறைச்சிக் கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். பள்ளிப் படிப்பை இடையிலேயே விட்டார். ஃபிராங்க்ஃபர்ட் நகரில் டாக்சி ஓட்டினார். தெருப் போராட்டங்களில் கலந்துகொண்டார். பின்னர் பசுமைக் கட்சியில் சேர்ந்தார். 1985 டிசம்பரில் ஹெஸ்ஸே மாநிலச் சுற்றுச்சூழல் அமைச்சராக உறுதிமொழி ஏற்றபோது, மரபை மீறி வெள்ளை நிற விளையாட்டுக் காலணிகளோடு வந்து நின்றார். அன்று எடுக்கப்பட்ட நிழற்படம் புகழ்பெற்றது. அதில் நிற்பவர் ஒல்லியான மனிதர். பதினோர் ஆண்டுகள் கழித்து, 1996இல், அதே மனிதரின் எடை 112 கிலோ.

அவ்வாண்டில் அவருடைய மணவாழ்வு முறிந்தது. அம்முறிவே தம்மை உலுக்கி எழுப்பியது என்கிறார் ஃபிஷர். போன் நகரில் ரைன் ஆற்றங்கரையில் ஓடத் தொடங்கினார். மதுவை விட்டார், உணவை அடியோடு மாற்றினார். ஏறத்தாழ ஓராண்டில் 75 கிலோவுக்கு இறங்கினார். 1998 ஏப்ரலில் ஹாம்பர்க் மாரத்தானை 3 மணி 41 நிமிடங்களில் ஓடி முடித்தார். அவ்வாண்டு அக்டோபரில் ஜெர்மனியின் வெளியுறவு அமைச்சரானார். அடுத்த ஆண்டே, 1999இல், இந்த அனுபவத்தை நூலாக வெளியிட்டார். 'என்னை நோக்கி என் நெடிய ஓட்டம்' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். அந்நாட்டில் அது பெரிதும் விற்பனையாயிற்று.

நூலின் சிறப்புகளை முதலில் சொல்லிவிடுவோம். தம் பருமனை ஃபிஷர் பூசி மெழுகவில்லை. அரசியல்வாதியின் இரவு விருந்துகள், மதுக்கிண்ணங்கள், ஓயாத கூட்டங்கள், அவற்றின் அயர்ச்சியைத் தீர்க்க மீண்டும் உணவு என்று சுழலும் வாழ்வை உள்ளிருந்து காட்டுகிறார். மூச்சு வாங்கியபடி ஓடிய முதல் நாள்களின் அவமானத்தை மறைக்கவில்லை. மருந்தையோ மாயத்தையோ விற்கவில்லை. ஓட்டத்தைச் சிறிது சிறிதாகவே கூட்டவேண்டும் என்பதும், ஓட்டத்தோடு உணவு மேசையும் மாறவேண்டும் என்பதும் நூல் தரும் பயனுள்ள பாடங்கள்.

இரண்டாவது பாடத்தை ஓர் எளிய கணக்கு உறுதிசெய்யும். ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது, அவருடைய எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு கலோரி வீதம் செலவாகிறது. உடற்கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாகவேண்டும். 75 கிலோ எடையுள்ளவர் ஓர் அரை மாரத்தான் முழுவதையும் ஓடினாலும் செலவாவது ஏறத்தாழ 1,600 கலோரியே. கொழுப்பில் அது கால் கிலோவுக்கும் குறைவு. 37 கிலோவை ஓடி மட்டுமே குறைக்க ஃபிஷர் 3,000 கிலோமீட்டர் ஓடியிருக்கவேண்டும். அதுவும் உணவைச் சிறிதும் கூட்டாமல். தொடக்கத்தில் சிறு தொலைவுக்கே திணறியவர் ஓராண்டில் அதை எட்டியிருக்க இயலாது. அவரை இளைக்க வைத்ததில் பெரும்பங்கு சமையலறைக்கு உரியது. முதல் அரை மாரத்தானுக்குப் பயிற்சி பெறுவோர், ஓடிவிட்டு வந்த உரிமையில் இரண்டு தட்டுப் பொங்கல் உண்பார்களாயின், ஏன் இளைக்கவில்லை என்று வியக்கவேண்டியதில்லை.

இனி நூலின் குறைக்கு வருவோம். அது ஓர் உவமையில் வெளிப்படுகிறது. தம் மாற்றத்தை விளக்க, கணினியில் பழைய நிரலை நீக்கிப் புதிய நிரலைப் பொருத்துவதைப் போன்ற உருவகத்தை ஃபிஷர் கையாளுகிறார். கவர்ச்சியான உருவகந்தான், ஆனால் பொருந்தாத உருவகம். கணினியில் நீக்கப்பட்ட நிரல் மீண்டும் தலைகாட்டுவதில்லை. உடலோ மறப்பதில்லை. 2011இல் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டால் எடை குறைந்தவர்களை அவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். பசியைத் தூண்டியும் அடக்கியும் இயக்கும் சுரப்புகளில் ஏற்பட்ட மாறுதல் ஓராண்டு கழிந்த பின்னும் சீராகவில்லை. பசி முன்னைவிட மிகுந்தே இருந்தது. இழந்த எடையை மீட்டுக்கொள்ள உடல் ஓசையின்றிப் போராடுகிறது என்பது இதன் பொருள்.

ஃபிஷரின் வாழ்விலும் இதுவே நடந்தது. 2005 வரை அவர் வெளியுறவு அமைச்சராக இருந்தார். போர், விமானப் பயணம், அரசு விருந்து என்று நாள்கள் கழிந்தன. அந்த ஆண்டுகளிலேயே எடை மீண்டும் ஏறத் தொடங்கியது. உலகம் அறிந்த முகமாதலால் நாளேட்டுப் படங்களே அதற்குச் சாட்சிகளாயின. எள்ளி நகையாடுவது எளிது. நம் நோக்கம் அதுவன்று. எடை கூடியது மனிதரின் குற்றமன்று. அப்படி நேரலாம் என்பதற்கு நூலில் இடமே இல்லாமற் போனது நூலின் குற்றம். பழைய மனிதர் ஒழிந்தார், புதியவர் பிறந்தார் என்ற உறுதியோடு அது முடிந்துவிடுகிறது. அதைப் படித்து ஓடத் தொடங்கிய ஒருவருக்கு இரண்டாம் ஆண்டில் ஐந்து கிலோ மீண்டும் ஏறினால், அவருக்குச் சொல்ல அந்நூலிடம் ஒரு சொல்லும் இல்லை. தம் மனவுறுதி பழுதானது என்று அவர் தம்மையே நொந்துகொள்ள நேரும்.

நூலாசிரியரின் பிற்கால வாழ்வைக் கொண்டு நூலை எடைபோடலாமா என்று சிலர் வினவக்கூடும். புதினமாயின் கூடாது. தன்வரலாறும் அது எழுதப்பட்ட நாள் வரைக்குமே பொறுப்பு என்பதையும் ஏற்கிறோம். ஆனால் இந்நூல் ஒருவர் மாறிய கதையை மட்டும் சொல்லி நிற்கவில்லை; அம்மாற்றம் நிலைபெற்றதாகவும் சொல்கிறது. அதைச் சொல்லும் தகுதி காலத்தால் வருவது. இரண்டு மூன்று ஆண்டுகள் அதற்குப் போதா.

மனமாற்றத்தை எழுதிய தன்வரலாறுகளுக்கெல்லாம் மூத்தது புனித அகுஸ்தினாரின் 'கன்பெஷன்ஸ்'. அவருடைய மனமாற்றம் 386இல் நிகழ்ந்தது. நூலை அவர் எழுதத் தொடங்கியது ஏறத்தாழ 397இல். இடைப்பட்ட காலம் பத்தாண்டுக்கும் மேல். எழுதியபோதும், திருமுழுக்கோடு கதையை முடித்து வெற்றிக்கொடி நாட்டவில்லை. பத்தாம் பகுதியில், ஆயராகிவிட்ட தம் அன்றைய நிலையையே ஆராய்கிறார். உண்பதும் குடிப்பதும் தமக்கு இன்னும் சோதனையாக இருப்பதையும், உணவை மருந்தளவாகக் கொள்ள முனையும்போதே சுவையின்பம் இடையில் புகுந்துகொள்வதையும் ஒளிக்காமல் எழுதுகிறார். ஃபிஷரின் நூலில் இல்லாதது இந்தப் பத்தாம் பகுதியே.

சொல் ஒன்றின் வரலாறும் இங்கே உதவும். துறவொழுக்கத்தைக் குறிக்க ஐரோப்பிய மொழிகள் வழங்கும் சொல், 'அஸ்கேசிஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. அதன் பொருள் பயிற்சி. விளையாட்டு வீரரின் பயிற்சியைச் சுட்டிய அச்சொல்லைத்தான் பின்னர் துறவியர் தமதாக்கிக்கொண்டனர். பயிற்சி என்பது ஒருமுறை செய்து முடிப்பதன்று; நாளும் செய்வது, விட்டுப்போனால் மறுநாள் மீண்டும் தொடங்குவது. நிரல் மாற்றம் என்னும் உருவகம் தவறவிடுவது இதைத்தான்.

ஜப்பானிய எழுத்தாளர் ஹருகி முரகாமி ஓட்டத்தைப் பற்றி எழுதிய நினைவுக்குறிப்பை இதனோடு ஒப்பிடலாம். ஜப்பானிய மொழியில் 2007இலும் ஆங்கிலத்தில் 2008இலும் அது வெளிவந்தது. இசை விடுதி ஒன்றை நடத்திவந்த முரகாமி, அதை விற்றுவிட்டு முழுநேர எழுத்தாளரானார். நாள் முழுதும் உட்கார்ந்து எழுதியதில் உடல் பருத்தது, புகைபிடித்தலும் மிகுந்தது. 1982இல், 33ஆம் வயதில் ஓடத் தொடங்கினார். அடுத்த ஆண்டே ஏதென்ஸ் நகரிலிருந்து மாரத்தான் ஊர் வரை கோடை வெயிலில் ஓடினார். 1996இல் ஹொக்கைடோவின் சரோமா ஏரியருகே 100 கிலோமீட்டர் ஓட்டத்தை 11 மணி 42 நிமிடங்களில் முடித்தார்.

ஆனால் நூலை அவர் எழுதியது ஓடத் தொடங்கி இருபதாண்டுகளுக்கும் மேலான பிறகு. அதற்குள் ஐம்பதைக் கடந்துவிட்டார். எவ்வளவு பயின்றாலும் ஓட்டநேரம் குறைவதில்லை, கூடுகிறது. 100 கிலோமீட்டர் ஓட்டத்திற்குப் பின் ஓடும் ஆர்வமே சிலகாலம் வறண்டுபோனதையும் எழுதுகிறார். 2005 நியூயார்க் மாரத்தானுக்கு மாதக்கணக்கில் ஆயத்தம் செய்தும் அது எதிர்பார்த்தபடி அமையாததையும் எழுதுகிறார். எடை பற்றி அவர் கூறும் கருத்து மிகத் தெளிவானது. அவர் மனைவிக்கு உண்டாலும் உடல் பருப்பதில்லை. அவருக்கோ சிறிது அசட்டையானாலும் எடை ஏறிவிடும். அதை அவர் தீவினையாகக் கொள்ளவில்லை. எளிதில் பருக்கும் உடல் முன்னதாகவே எச்சரிப்பதால், அதுவும் ஒருவகைப் பேறு என்று கருதுகிறார். தோல்வியைக் கணக்கில் சேர்த்துக்கொண்ட இந்நூல், தொடர்ந்து ஓட விரும்புவோர்க்கு நெடுநாள் துணையாகும். ஃபிஷரின் நூல் தொடங்குவோர்க்கு ஊக்கமூட்டும். அதற்கு மேல் அதனால் உடன்வர இயலாது.

எனினும் இரு நூல்களுக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. இரண்டும் தனிமனிதரின் நூல்கள். 'என்னை நோக்கி' என்று ஃபிஷரின் தலைப்பே சொல்லிவிடுகிறது. முரகாமியும் தனிமையைத் தம் இயல்பென்று போற்றுபவர். ஓடுவதற்கு வேண்டிய நேரத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பு இருவருக்கும் இருந்தது. நம் இல்லங்களை எண்ணிப் பார்ப்போம். காலை நான்கரைக்கு எழுந்து, ஐவருக்குச் சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, மீந்ததை வீணாக்க மனமின்றித் தாமே உண்டு, அலுவலகத்திற்கும் விரையும் ஒரு தாய்க்கு மருத்துவர் எடையைக் குறைக்கச் சொல்கிறார். அவர் ஓடவேண்டுமாயின், அந்த ஒரு மணி நேரம் அடுப்படியில் வேறொருவர் நிற்கவேண்டும். எடை குறைவது அங்கே ஒருவரின் மனவுறுதியால் மட்டும் ஆகாது. குடும்பம் முழுவதன் ஏற்பாட்டால் ஆகவேண்டும். இந்த உண்மை இரு நூல்களிலும் உரிய இடம் பெறவில்லை.

பருமனானவரைக் கண்டால் சோம்பேறி என்றும் உணவாசை மிக்கவர் என்றும் தீர்ப்பிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. இளைத்தவரைப் பார்த்து வியந்து, மீண்டும் பருத்தால் புறம்பேசுவதும் உண்டு. வெற்றியின் உச்சியில் நின்று எழுதப்படும் நூல்கள் அவ்வழக்கத்துக்கு வலுவூட்டுகின்றன. ஆதலால் ஃபிஷரின் நூலைப் படிப்போர், அவருடைய பின்னாள் வாழ்வையும் சேர்த்தே படிக்குமாறு வேண்டுகிறோம். ஓடி இளைத்தவரும் அவரே. பதவிச் சுமையில் மீண்டும் பருத்தவரும் அவரே. முதல் அரை மாரத்தானுக்கு ஆயத்தமாகும் நம் அன்பர்கள், ஓட்டம் முடிந்த அன்றே தங்கள் கதையை எழுதிவிடவேண்டாம். ஐந்தாண்டு கழித்து, ஏறியதையும் இறங்கியதையும், வீட்டில் யார் தோள் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதட்டும். அப்படியொரு நூல் தமிழில் வருமாயின், இதே பக்கங்களில் அதை மகிழ்வோடு வரவேற்போம்.