போய் வந்த தூண்கள்

திருத்தணிக்காரர்களின் சட்டமன்றம் ஏழே ஆண்டுகளில் மூன்று ஊர் மாறியிருக்கிறது. 1953-ல் ஆந்திரா பிரிந்தபோது கர்நூல். 1956-ல் ஹைதராபாத். ம.பொ.சி. முதலானோரின் எல்லைப் போராட்டத்துக்குப் பின், 1960 ஏப்ரல் 1 முதல் மறுபடியும் சென்னைக் கோட்டை.

ஹைதராபாத் மண்டபம் 1913-ல் முடிந்த நிஜாம் காலத்து டவுன் ஹால். வெள்ளை வெளேரென்று, கும்மட்டங்களும் வளைவுகளுமாகக் கல்யாண மாப்பிள்ளை மிடுக்கோடு நிற்கும். அழகுதான். ஆனாலும் என் ஓட்டு கோட்டைக்கே. காரணம், முகப்பில் நிற்கும் கருங்கல் தூண்கள். உருண்டு திரண்டு, தடவினால் வழுக்கும் மெருகு. 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் இவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்கே கொண்டுபோனார்கள். புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போனதும் தூண்கள் ஊர் திரும்பின. நம்ம திருத்தணி கதைதான்!

கோட்டைக்கு மனு கொடுக்கப் போகிறவர்கள் அந்தத் தூண்களிடம் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.